கணிப்பொறியில் உங்கள் வீட்டுக்கு ஒன்பது தாழ்ப்பாள்கள்

பழைய நகரங்களில் ஒண்டுக்குடித்தன வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். தெருவாசல் ஒன்று, உள்ளே ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள். முற்றமும் கிணறும் எல்லோருக்கும் பொது. ஆனால் அவரவர் அறைக்குத் தனிக் கதவும் தனித் தாழ்ப்பாளும் உண்டு. பக்கத்துக் குடித்தனக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் அறைக் கதவை நாம் சாத்தித்தான் வைக்கிறோம்.

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின்கீழ் வேலை செய்யும் கணிப்பொறியும் இத்தகைய ஒரு வீடுதான். பலர் சேர்ந்து பயன்படுத்தும்படி அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், தம் கோப்புகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் ஆகியவை உண்டு. கோப்புகளை வைக்கும் அறைக்கு 'அடைவு' என்று பெயர். 'ஃபோல்டர்' என்று நீங்கள் சொல்வதும் இதைத்தான். ஒரு பயனருக்கென்று ஒதுக்கிய அடைவே அவருடைய 'வீட்டு அடைவு'. மலர் என்னும் மாணவியின் வீட்டு அடைவு /ஹோம்/மலர் என்னும் முகவரியில் இருக்கும். அவருடைய பாடக்குறிப்புகள், படங்கள், திரையின் பின்புறத்தில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்ற விவரம் வரை எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஒரு நாள் மலர் கணிப்பொறியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல்லைச் சரியாகத்தான் தட்டுகிறார். திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்கே வந்து நிற்கிறது. பத்து முறை முயன்றாலும் அதே கதை. அல்லது உள்ளே விடுகிறது. ஆனால் கோப்பைச் சேமிக்கப் போனால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்கிறது. தம் வீட்டிலேயே அவருக்கு அனுமதி இல்லை! கணிப்பொறி கெட்டுவிட்டதா? இல்லை. அதன் தாழ்ப்பாள்கள் தவறாக மாட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவே. அவை எவை, எப்படித் தவறுகின்றன, எப்படிச் சரிசெய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பொறி, பல பயனர்கள்

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமையைச் செய்து காட்டினார்கள். ஒரே கணிப்பொறியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, பலருக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் கணிப்பொறி தமக்கே சொந்தம் போலத் தோன்றியது. யார் யார் என்று பிரித்தறிவதற்காக அதில் கடவுச்சொல்லும் இருந்தது.

1960-களின் நடுவில் ஒரு நாள், அந்தக் கணிப்பொறிக்குள் நுழைந்தவர்களுக்கெல்லாம் வழக்கமான அன்றாட அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன! காரணம் மிக எளியது. கோப்புகளைத் திருத்தும் நிரல், ஓர் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி, எப்போதும் ஒரே பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கியது. ஆனால் அமைப்பைப் பராமரித்தவர்கள் தங்களுக்குள் ஒரு பொது அடைவைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அறிவிப்பையும் மற்றொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்தியபோது இரண்டும் இடம் மாறிவிட்டன. யாரும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இருவர் இடையே சுவர் இல்லாததுதான் குறை.

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, யார் எதைச் செய்யலாம் என்னும் குறிப்பும் அந்தக் கோப்பைச் சார்ந்தே இருக்கும் என்னும் ஏற்பாடு அதில் வளர்ந்தது. 1991இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியபோது அதே ஏற்பாட்டைப் பின்பற்றினார். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணிப்பொறிகள் பலவற்றில் இருந்த 'பாஸ்' என்பதும் லினக்ஸின் ஒரு வகையே. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்து, ஒரு செயலியின் அறைக்குள் மற்றொன்று நுழையாதபடி தடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நாம் பேசப்போகும் தாழ்ப்பாள்கள் உங்கள் சட்டைப் பையிலும் இருக்கக்கூடும்.

எடைக் கற்களும் ஒன்பது தாழ்ப்பாள்களும்

லினக்ஸ் உலகத்தாரை மூன்றாகப் பிரிக்கிறது. கோப்பின் உரிமையாளர் ஒருவர், அவருடைய குழுவைச் சேர்ந்தவர்கள், மற்றையோர். ஒவ்வொரு பிரிவினர்க்கும் மூன்று கேள்விகள். படிக்கலாமா? எழுதலாமா? இயக்கலாமா? மூன்று பிரிவு, மூன்று கேள்வி. ஆக ஒன்பது தாழ்ப்பாள்கள். தாழ்ப்பாள் திறந்திருந்தால் 1; மூடியிருந்தால் 0.

படித்தலுக்கு ஆர், எழுதுதலுக்கு டபிள்யூ, இயக்குதலுக்கு எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்துகள் குறிகளாகும். இவற்றுக்கு எண் மதிப்பும் உண்டு:

ஆர் (படித்தல்) – 4
டபிள்யூ (எழுதுதல்) – 2
எக்ஸ் (இயக்குதல்) – 1

ஏன் 4, 2, 1? மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். கடைக்காரரிடம் 4 கிலோ, 2 கிலோ, 1 கிலோ என மூன்றே கற்கள் இருந்தால், 1 முதல் 7 கிலோ வரை எந்த எடையையும் நிறுக்கலாம். அது மட்டுமன்று, ஒவ்வோர் எடைக்கும் ஒரே ஒரு வழிதான் உண்டு. 5 கிலோ என்றால் 4-ம் 1-ம்தான். வேறு வழி கிடையாது. ஆகவே 5 என்ற எண்ணைச் சொன்னவுடன் 'படிக்கலாம், இயக்கலாம். எழுதக்கூடாது' என்று ஐயமின்றிப் புரிந்துவிடும். இதுவே இரும எண்முறையின் அழகு.

இனி மூன்று பிரிவினர்க்கும் மூன்று எண்களை அடுத்தடுத்து எழுதுவோம். 750 என்றால் என்ன? உரிமையாளருக்கு 7, அதாவது எல்லாம். குழுவுக்கு 5, அதாவது படிக்கவும் இயக்கவும். மற்றையோருக்கு 0, அதாவது ஒன்றுமில்லை. இரும எண்ணில் எழுதினால் 111 101 000. ஒன்பது தாழ்ப்பாள்களை எத்தனை விதமாக மாட்டலாம்? இரண்டின் ஒன்பதாம் அடுக்கு, அதாவது 512 விதம். அவற்றுள் அன்றாடம் பயன்படுபவை ஐந்தாறுதான்.

கோப்புக்கு ஒரு பொருள், அடைவுக்கு ஒரு பொருள்

பலர் தவறும் இடம் இதுதான். சற்று நிதானமாகப் படியுங்கள். மேற்கண்ட மூன்று அனுமதிகளும் கோப்புக்கு ஒரு பொருளையும் அடைவுக்கு வேறு பொருளையும் தருகின்றன.

அடைவு என்பது உண்மையில் ஒரு பெயர்ப் பட்டியல். 'இந்தப் பெயருள்ள கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது' என்று எழுதி வைத்த ஏடு அது. ஆகவே அடைவுக்குப் படிக்கும் அனுமதி என்றால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம் என்று பொருள். எழுதும் அனுமதி என்றால் பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்கலாம்; இருக்கும் பெயரை அடிக்கலாம். அடைவை 'இயக்குவது' என்று ஒன்றில்லை. அங்கே எக்ஸ் என்பது அதைக் கடந்து உள்ளே செல்லும் அனுமதி.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று: எக்ஸ் இல்லாத அடைவுக்குள் யாரும் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் கோப்பின் தாழ்ப்பாள்கள் எல்லாம் திறந்திருந்தாலும் பயனில்லை. வாசலைத் தாண்டினால்தானே அறைக்குப் போகலாம்? இரண்டு: ஒரு கோப்பை அழிப்பதற்கு அந்தக் கோப்பின் அனுமதி தேவையில்லை, அது இருக்கும் அடைவுக்குள் செல்லும் அனுமதியும் அதில் எழுதும் அனுமதியும் இருந்தால் போதும். ஏட்டில் பெயரை அடித்துவிட்டால் கோப்பு போயிற்று.

இரண்டாவது முடிவு வியப்பாக இருக்கிறதா? சற்றுப் பின்னர் மலருக்கு அதனால் நேரும் இழப்பைப் பார்ப்போம்.

தாழ்ப்பாள்கள் எப்படி இடம் மாறுகின்றன?

லினக்ஸ் கணிப்பொறியில் எல்லாத் தாழ்ப்பாள்களையும் மீறிச் செல்லக்கூடிய பயனர் ஒருவர் உண்டு. அவர் பெயர் 'ரூட்'. அவருடைய பயனர் எண் 0. புதிய நிரல்களை நிறுவுவது போன்ற பணிகளுக்கு நாம் சிறிது நேரம் அவருடைய அதிகாரத்தைக் கடன் வாங்குகிறோம். அதற்கான சொல் 'சூடூ' என்பது. கடன் வாங்கிய அதிகாரத்தோடு ஒரு சாதாரண வேலையைச் செய்தால், அப்போது பிறக்கும் கோப்புகளுக்கு உரிமையாளர் ரூட் ஆகிவிடுவார். கோப்பு இருப்பது மலரின் வீட்டில், சொந்தமோ ரூட்டுக்கு. திரைக்காட்சியைத் தொடங்கத் தேவையான சிறு கோப்பு ஒன்று இப்படி ரூட்டின் சொத்தாகிவிட்டால், மலர் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினாலும் திரை திரும்பத் திரும்ப வாசலிலேயே வந்து நிற்கும்.

இரண்டாவது காரணம் எண் மாற்றம். கணிப்பொறிக்கு மலர் என்ற பெயர் தெரியாது. 1000 அல்லது 1001 என்ற பயனர் எண்தான் தெரியும். பழைய கணிப்பொறியில் மலரின் எண் 1001 என்றும், புதியதில் 1000 என்றும் வைத்துக்கொள்வோம். பழைய வட்டை அப்படியே கொண்டுவந்து மாட்டினால், அதிலுள்ள கோப்புகள் எல்லாம் 1001 என்னும் வேறு யாருக்கோ உரியவையாகத் தோன்றும். மலர் தம் கோப்புகளுக்கே அந்நியராகிவிடுவார்.

மூன்றாவது காரணம் பென் டிரைவ். கடைகளில் வாங்கும் பென் டிரைவ்கள் பலவற்றில் இருக்கும் 'ஃபாட்' என்னும் அமைப்பு, உரிமையாளர் யார், ஒன்பது தாழ்ப்பாள்கள் எப்படி இருந்தன என்பவற்றைக் குறித்து வைப்பதில்லை. வீட்டு அடைவை அதில் படியெடுத்துத் திரும்பக் கொண்டுவந்தால், கோப்புகள் வரும். அவற்றின் தாழ்ப்பாள் விவரம் வராது. 'டார்' என்னும் நிரலால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துச் சென்றால் இந்த விவரமும் மூட்டைக்குள்ளேயே இருக்கும்.

நான்காவது காரணம் அவசரம். அதைத் தனியாகப் பார்ப்போம்.

777 என்னும் பொல்லாத மருந்து

'அனுமதி மறுக்கப்பட்டது' என்று கணிப்பொறி சொன்னவுடன், '777 போட்டுவிடு. எல்லாம் சரியாகிவிடும்' என்று ஆலோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். 777 என்றால் 111 111 111. ஒன்பது தாழ்ப்பாள்களும் திறப்பு. வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம்.

மலருக்கு ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவன். இருவருக்கும் ஒரே கணிப்பொறி. தனித்தனிப் பயனர் பெயர். அக்காவின் படங்களைப் பார்க்க முடியவில்லை என்று தம்பி கேட்க, மலர் தம் வீட்டு அடைவுக்கு 777 போட்டுவிடுகிறார். படங்கள் தெரிகின்றன, இருவருக்கும் மகிழ்ச்சி. அடுத்த வாரம் வட்டில் இடம் போதவில்லை என்று தம்பி பழைய கோப்புகளைத் தேடி அழிக்கிறான். அவற்றுள் ஒன்று, மலர் ஊசல் சோதனையில் மூன்று நாள் எடுத்த அளவீடுகள்.

'என் கோப்பில் அவன் எழுத முடியாதபடி 644 என்றல்லவா இருந்தது? அதை எப்படி அவனால் அழிக்க முடிந்தது?' என்று மலர் கேட்கிறார். முன்பு கண்ட இரண்டாவது முடிவை நினைவுகூருங்கள். தம்பி கோப்புக்குள் எதையும் எழுதவில்லை. அடைவின் பட்டியலில் பெயரை அடித்தான். அந்த அனுமதியை 777 அவனுக்குக் கொடுத்திருந்தது. அன்று அந்தக் கணிப்பொறியில் இழந்த மூன்று நாளை எந்தக் கட்டளையாலும் திருப்பித் தர இயலாது.

777-இல் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திறந்து போட்டால் சில கதவுகள் தாமே பூட்டிக்கொள்ளும்! தொலைவிலுள்ள கணிப்பொறியோடு பாதுகாப்பாகப் பேசுவதற்கு 'எஸ்எஸ்எச்' என்னும் நிரல் பயன்படுகிறது. கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு திறவுகோல் கோப்பை அது ஏற்றுக்கொள்ளும். அந்தத் தனித் திறவுகோலை மற்றையோரும் படிக்கலாம் என்ற நிலையில் நீங்கள் வைத்திருந்தால், அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். மறுமுனையிலும் இப்படியே. அங்கே உங்கள் வீட்டு அடைவில் பிறர் எழுதலாம் என்றிருந்தால், வழக்கமான அமைப்பில், உங்கள் திறவுகோலை அது நம்பாது. பிறர் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவி உங்களுடையதுதான் என்பதற்கு என்ன உறுதி? நிரலின் நியாயம் சரிதானே!

காலப்போக்கில் லினக்ஸை வழங்குவோரும் இதில் கண்டிப்பானார்கள். உபுண்டு என்னும் வகையில் புதிய வீட்டு அடைவு நெடுங்காலம் 755 என்றே பிறந்தது. அதாவது மற்றையோரும் உள்ளே வந்து பார்க்கலாம். 2021 ஏப்ரலில் வந்த பதிப்பு முதல் அது 750 ஆயிற்று. ஃபெடோரா என்னும் வகையில் 700.

சரிசெய்யும் முறை

இனிச் சிகிச்சைக்கு வருவோம். கீழே வரும் கட்டளைகளை அவற்றின் ஒலிப்படி தமிழில் தருகிறோம். விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். /ஹோம்/மலர் என்னுமிடத்தில் உங்கள் பயனர் பெயரை இட்டுக்கொள்ளுங்கள். 'சூடூ' பயன்படுத்த உங்கள் பெயருக்கு அனுமதி இருக்க வேண்டும். பள்ளிக் கணிப்பொறியானால் ஆசிரியரைக் கேட்டே செய்யுங்கள்.

முதல் படி, உள்ளே செல்லுதல். திரைக்காட்சி உள்ளே விடாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துகள் மட்டும் வரும் திரை தோன்றும். அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் பெரும்பாலும் உள்ளே விடும்.

இரண்டாம் படி, நோயறிதல். எதையும் மாற்றுவதற்கு முன்பு பாருங்கள்.

எல்எஸ் -எல்டி /ஹோம்/மலர்

விடையின் தொடக்கத்தில் பத்து இடங்கள் இருக்கும். முதலிடத்தில் உள்ள டி என்னும் எழுத்து 'இது அடைவு' என்கிறது. அடுத்த ஒன்பதும் நம் ஒன்பது தாழ்ப்பாள்கள்; திறந்திருந்தால் எழுத்து, மூடியிருந்தால் சிறு கோடு. பின்னர் உரிமையாளர் பெயரும் குழுவின் பெயரும் வரும். பெயருக்குப் பதில் வெறும் எண் தெரிந்தால், அது வேறு கணிப்பொறியிலிருந்து வந்த எண் என்று அறிந்துகொள்ளுங்கள். 'எல்எஸ் -எல்ஏ /ஹோம்/மலர்' என்று தட்டினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த பெயர்கள் உட்பட உள்ளே இருப்பவை எல்லாம் தெரியும். அவற்றுள் ரூட்டின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாம் படி, உரிமையாளரைத் திருத்துதல். இதற்கு 'உரிமையாளரை மாற்று' என்னும் பொருளுடைய சிஎச்ஓன் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) என்னும் கட்டளை உதவும்.

சூடூ சிஎச்ஓன் -ஆர் மலர்:மலர் /ஹோம்/மலர்

இதில் வரும் ஆர் மட்டும் பேரெழுத்து. 'உள்ளே உள்ள அனைத்துக்கும்' என்பது அதன் பொருள். முக்காற்புள்ளிக்கு முன்னே வருவது பயனர், பின்னே வருவது குழு. சில கணிப்பொறிகளில் குழுவின் பெயர் வேறாக இருக்கும். 'ஐடி' என்று தட்டினால் உங்கள் குழுவின் பெயரைச் சொல்லிவிடும்.

நான்காம் படி, வாசல் தாழ்ப்பாளைத் திருத்துதல். 'நிலையை மாற்று' என்று பொருள்படும் சிஎச்மாட் (சி, எச், எம், ஓ, டி) இதற்கு உரியது.

சிஎச்மாட் 750 /ஹோம்/மலர்

இங்கே ஆர் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாசலை மட்டுமே திருத்துகிறோம். மற்றையோருக்கு வாசலில் எக்ஸ் இல்லையென்றால் உள்ளறை எதையும் அவர்கள் அடைய முடியாது. ஒரு வாசல் முழு வீட்டையும் காக்கிறது. உரிமையாளர் மட்டும் தவறாக இருந்த வீடு இந்தப் படியோடு நலமாகிவிடும். மீண்டும் திரைக்காட்சி வழியே நுழைந்து பாருங்கள்.

ஐந்தாம் படி, எல்லா அறைகளிலும் 777 பரவிவிட்ட வீட்டுக்கு மட்டும். இங்கே ஓர் இடர் உண்டு. அடைவுக்கு எக்ஸ் தேவை. சாதாரணக் கோப்புக்குத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக 644 கொடுத்தால் அடைவுகள் எக்ஸ் இழந்து யாரையும் உள்ளே விடா. பாதி வேலையில், கட்டளையே உள்ளே போக முடியாமல் நின்றுவிடும்! ஆகவே அடைவுகளையும் கோப்புகளையும் பிரித்துத் தேட வேண்டும். அதற்கு ஃபைண்ட் என்னும் கட்டளை உண்டு.

ஃபைண்ட் /ஹோம்/மலர் -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 755 {} \;
ஃபைண்ட் /ஹோம்/மலர் -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 644 {} \;

முதல் வரி அடைவுகளை மட்டும் தேடி 755 ஆக்குகிறது. இரண்டாவது கோப்புகளை மட்டும் தேடி 644 ஆக்குகிறது. வாசலும் 755 ஆகிவிட்டதல்லவா? நான்காம் படியை மறுபடியும் செய்து வாசலை 750 ஆக்குங்கள். எஸ்எஸ்எச் திறவுகோல்கள் இருந்தால் அவற்றை வைத்திருக்கும் அடைவை 700 என்றும், தனித் திறவுகோல் கோப்பை 600 என்றும் ஆக்குங்கள். நீங்களே எழுதிய நிரல்கள் எக்ஸ் இழந்து ஓட மறுக்கும். அவற்றுக்கு மட்டும் பெயர் சொல்லி 755 கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தொடக்கத்திலுள்ள சாய்கோட்டுக்கும் 'ஹோம்' என்பதற்கும் இடையே தவறியும் இடைவெளி விடாதீர்கள். தனித்த சாய்கோடு கணிப்பொறி முழுவதையும் குறிக்கும். சூடூவும் ஆர்-ம் சேர்ந்த கட்டளை அப்போது எல்லாக் கோப்புகளின் உரிமையையும் மாற்றிவிடும். சூடூவே பிறகு வேலை செய்யாது. அதே காரணத்தால், வீட்டு அடைவைச் சுருக்கமாகக் குறிக்கும் ~ என்னும் அலைக்குறியை இந்த வேலையில் பயன்படுத்த வேண்டாம். வீட்டுக்குள் நுழைய முடியாத நேரத்தில் கணிப்பொறி சில வேளைகளில் தனித்த சாய்கோட்டையே உங்கள் வீடாகக் கொள்ளும். முழு முகவரியையும் எழுதுவதே நலம். நுழைவு விசையை அழுத்துமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

பங்கிட வேண்டுமானால்?

அக்காவும் தம்பியும் படங்களைப் பங்கிட்டுப் பார்க்க விரும்பியது நியாயமான ஆசை. அதற்கு வீட்டைத் திறந்து போட வேண்டியதில்லை. இருவரையும் ஒரு குழுவில் சேர்த்து, அந்தக் குழுவுக்கு உரிய தனி அடைவு ஒன்றை உண்டாக்கி, அதற்கு 2770 கொடுத்தால் போதும். பின்னுள்ள 770 உங்களுக்கு இப்போது புரியும். முன்னாலுள்ள 2, அந்த அடைவில் பிறக்கும் புதிய கோப்புகளும் அதே குழுவுக்கு உரியவையாக இருக்கச் செய்கிறது.

எல்லோரும் எழுதக்கூடிய முற்றமும் லினக்ஸில் உண்டு. நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் /டெம்ப் என்னும் அடைவின் எண் 1777. அங்கே யாரும் கோப்பு வைக்கலாம். ஆனால் பிறர் வைத்ததை அழிக்க முடியாது. முன்னாலுள்ள அந்த 1 செய்யும் காவல் அது. பொது இடத்துக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதை அதை அமைத்தவர்கள் மறக்கவில்லை.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு அடைவில் 'சோதனை' என்னும் பெயரில், முக்கியமற்ற ஒரு கோப்பை உண்டாக்குங்கள். அதற்கு 000 கொடுங்கள். இப்போது அதைத் திறக்க முயலுங்கள். உரிமையாளராகிய உங்களுக்கே மறுப்பு வரும். ஆனால் மறுபடியும் 600 கொடுத்துப் பாருங்கள், உடனே ஏற்றுக்கொள்ளும். எழுதும் அனுமதிகூட இல்லாத கோப்பின் தாழ்ப்பாளை உங்களால் எப்படி மாற்ற முடிந்தது? தாழ்ப்பாளை மாற்றும் உரிமை ஒன்பது தாழ்ப்பாள்களில் எதிலும் இல்லை. அது உரிமையாளர் என்ற நிலையிலேயே அடங்கியிருக்கிறது. அதனால்தான் சிகிச்சையில் முதலில் உரிமையாளரையும் அதன் பிறகு எண்ணையும் திருத்தினோம்.

அடுத்து அதே கோப்புக்கு 077 கொடுங்கள். குழுவுக்கும் மற்றையோருக்கும் எல்லா அனுமதியும் உண்டு. உரிமையாளருக்கு மட்டும் ஒன்றுமில்லை. நீங்களும் உங்கள் குழுவில் ஒருவர்தானே? அந்த வழியாகக் கோப்பைத் திறக்க முடியுமா? முதலில் விடையை ஊகித்துத் தாளில் எழுதுங்கள். பிறகு கணிப்பொறியைக் கேளுங்கள். மூன்று பிரிவுகளையும் அது எந்த வரிசையில் பார்க்கிறது, எங்கே நிறுத்திவிடுகிறது என்பது அந்த விடையிலிருந்தே உங்களுக்கு விளங்கும்.